முதல் லிஸ்ட்டில் ஐந்து பைட்

போன மாதம் ஒரு பெண்மணியின் வேலைக்குக் கிட்டத்தட்ட உலை வைத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு சாஃப்ட்வேரை ஒழுங்காக இன்ஸ்டால் செய்தேன் — அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்ததுதான் வினையாகப் போயிற்று.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். எழுத்து ஒரு நாள். மற்ற ஆறு நாளும் தூத்துக்குடியில் சின்னச் சின்ன ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம். ஷிப்பிங் ஏஜென்ட், உப்புக் கம்பெனி, கருவாடு ஏற்றுமதி... யார் கூப்பிட்டாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். "கம்ப்யூட்டர் சமாச்சாரம் எழுதாதீர், தலை சுற்றுகிறது" என்று விளாத்திகுளத்திலிருந்து ஒரு வாசகர் இன்னமும் போஸ்ட் கார்டு போடுகிறார். ஐயா, இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் கம்ப்யூட்டர் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மனுஷ சமாச்சாரம்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஆபீஸ். ஏற்றுமதி சரக்கு கப்பல் ஏறுவதற்கு வேண்டிய காகித வேலைகளைச் செய்துகொடுக்கும் இடம். மாடியில் ஒரு ஹால், ஹாலின் மூலையில் ஒரு கண்ணாடி அறை. கண்ணாடி அறைக்குள் முதலாளி. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான். அறுபது தாண்டியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. நல்ல மனிதர். குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு... போனில் பேசினால் போனே தேவையில்லை என்கிற அளவுக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன்.

"தம்பி, ஆபீஸுக்குள்ள கள்ளன் இருக்கான். உடனே வந்து பிடிச்சுத் தாங்க."

"போலீஸுக்குச் சொன்னீங்களா அண்ணாச்சி?"

"போலீஸ்காரனுக்கு இவன் ஆம்பிட மாட்டான். இவன் கம்ப்யூட்டர் கள்ளன்."

போனேன். விஷயம் இதுதான். தினமும் சாயங்காலம் மறுநாள் கிளம்பவேண்டிய கன்டெய்னர்களுக்கு லிஸ்ட் தயாராகும். எந்தப் பெட்டி, என்ன சீல் நம்பர், எந்தக் கப்பல் — இதெல்லாம் இருக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஒரு பார்ட்டிக்கு ஒரு ஃபைல். எல்லாம் மேஜைக்கு அடியில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பழைய மெஷினில் போய் உட்காரும். அதற்கு மரியாதையாக சர்வர் என்று பெயர். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஒரு புரோகிராம் அந்த லிஸ்ட்டுகளைத் தானாகவே கன்டெய்னர் யார்டுக்கு அனுப்பிவிடும். முன்னால் இதெல்லாம் காகிதத்தில் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு மாறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மூன்று வாரமாக, தினமும் ஒரு லிஸ்ட் மட்டும் திரும்பி வருகிறது. 'ஃபைல் தவறு' என்று ஒரு வரி, வேறு விளக்கம் கிடையாது. அதிலும் கவனியுங்கள் — தினமும் ஒரே பார்ட்டியின் லிஸ்ட். காய்ந்த பூ ஏற்றுமதி செய்கிற ஒருவர். மற்றவர்களுடையதெல்லாம் ஜம்மென்று போய்விடுகிறது. இவருடையது மட்டும் திரும்பி வந்து, மறுபடி அனுப்பி, அதற்குள் மணி பதினொன்று ஆகி, டிரெய்லர் கேட்டில் காத்துக் கிடந்து... போன சனிக்கிழமை ஒரு பெட்டி கப்பலையே விட்டுவிட்டது. பூக்காரர் நேரில் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார்.

சாஃப்ட்வேர் கொடுத்தவர்களைக் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் ஓகே சார், உங்க ஃபைல்தான் சரியில்லை" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்களாம். உலகத்தில் எந்த சாஃப்ட்வேர் கம்பெனிதான் தன் பக்கம் ஓகே இல்லை என்று சொல்லியிருக்கிறது?

"சாயங்காலம் சரியா இருக்க ஃபைல் காலைல எப்படிக் கெட்டுப் போவும்? எவனோ உள்ள இருந்து மாத்துதான் தம்பி. எதிர்க் கம்பெனிக்காரன் ஆளு வச்சிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

லிஸ்ட் தயாரிப்பது ரெக்சலின். புன்னைக்காயல்காரர். பதினோரு வருடமாக அந்த ஆபீஸில் இருக்கிறார். தினமும் பஸ் பிடித்து வந்து எட்டரைக்கு சீட்டில் உட்காருகிறவர். அவரிடம் கேட்டேன்.

"திரும்பி வந்தா நான் என்ன செய்யுதேன்னா சார், பழசத் தூக்கிப் போட்டுட்டு, புதுசா ஒண்ணு எடுத்து அதே பேர்ல போட்டு அனுப்பிருவேன். அது போயிருது. ஏன் போவுது, ஏன் வருதுன்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

ஆக, கெட்டுப்போன ஃபைல் ஒன்றுகூட கையில் இல்லை. தடயத்தைத் தினமும் ஆபீஸே துடைத்து வைத்திருக்கிறது. சரி, காவல் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

இதற்கென்றே ஒரு வகை சாஃப்ட்வேர் உண்டு. ஃபைல் இன்டெகிரிட்டி செக்கர் என்பார்கள். விளாத்திகுளம் வாசகர் பயப்படவேண்டாம், விஷயம் ரொம்ப எளிது. ஒவ்வொரு ஃபைலுக்கும் அது ஒரு கைரேகை எடுத்து வைத்துக்கொள்ளும். ஃபைலில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் ரேகை வேறாகிவிடும். சொன்ன நேரத்துக்கெல்லாம் மறுபடி ரேகை எடுத்துப் பழசோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மெயிலில் புகார் அனுப்பும். வேலை அவ்வளவுதான். என்ன மாறியது என்று அதற்குத் தெரியாது, ஏன் என்றும் தெரியாது. ரேகை மட்டும்தான் அதனிடம் இருக்கும், ஆள் படம் இருக்காது.

இன்ஸ்டால் செய்ய பத்து நிமிடம். அதற்கப்புறம்தான் வேலையே. எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்வது சுலபம்; எதைப் பார்க்கவேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். கம்ப்யூட்டருக்குள் நிமிடத்துக்கு நிமிடம் ஏதாவது மாறிக்கொண்டேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை வந்த முதல் ரிப்போர்ட் முப்பது பக்கம். இந்த லாக் மாறியது, அந்த டெம்ப் ஃபைல் மாறியது, பிரிண்டர் இருமியது... அண்ணாச்சி அத்தனையையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்.

"இம்புட்டுக் கள்ளனா தம்பி?"

"இதெல்லாம் கள்ளன் இல்லை அண்ணாச்சி. மெஷின் மூச்சு விடுறது."

இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கினேன். கடைசியில் லிஸ்ட் இருக்கும் ஃபோல்டர், இயங்குவதற்கு வேண்டிய சில முக்கியமான ஃபைல்கள் — இவை மட்டும் காவலில் இருக்கும்படி அமைத்தேன். லிஸ்ட் தயாராகும் சாயங்காலத்தில் தொடங்கி, அனுப்பும் நேரம்வரை சில நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்கும். கூடவே, மாற்றம் எந்த லாகினில் நடந்தது என்பதையும் சேர்த்து எழுத ஏற்பாடு.

முதலில் எடுத்த ரேகைகள் அதே மெஷினில் இருந்தால் கள்ளன் அதையும் மாற்றிவிடுவான் அல்லவா? அதனால் அதை ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்தினேன். எங்கே வைக்கலாம் என்று கேட்டதற்கு, "பூசை அலமாரில வச்சிருவோம். அங்கன எவனும் கை வைக்க மாட்டான்" என்றார் அண்ணாச்சி. எத்தனையோ பெரிய கம்பெனிகளின் பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். இது அதற்கெல்லாம் குறைந்ததில்லை.

வியாழக்கிழமை காலை ஆள் மாட்டினார்.

ரிப்போர்ட் ஒரே வரி. காய்ந்த பூ பார்ட்டியின் லிஸ்ட் மாறியிருக்கிறது. நேரம் காலை எட்டு ஐம்பத்திரண்டு. அளவு ஐந்து பைட் கூடியிருக்கிறது. லாகின்: ரெக்சலின்.

நான் போய்ச் சேர்வதற்குள் வழக்கம்போல லிஸ்ட் திரும்பி வந்து, வழக்கம்போலப் புதுசு எடுத்து அனுப்பியாகிவிட்டது. நேராகக் கண்ணாடி அறைக்குப் போனேன். ஒரு வாக்கியம் சொன்னேன்.

"ரெக்சலின்தான் மாத்தியிருக்காங்க அண்ணாச்சி."

இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கே கூசுகிறது. அந்தப் பெண்மணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. கண்டுபிடித்துவிட்ட மிதப்பு! காபி வரும், பாராட்டு வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி எழுந்து ஹாலுக்கு வந்தார்.

"ஏளா ரெக்சலின்! ஒனக்கு இங்கன என்ன கொறை வச்சேன்? பதினோரு வருசமா ஒன்ன வீட்டுப் பிள்ளையா நெனச்சேன்லா? காலைல ஒம்பது மணிக்கு முந்தி ஃபைல மாத்தி எவனுக்கு வேலை பாக்குத நீ?"

ஹாலில் அத்தனை பேரும் திரும்பினார்கள். ரெக்சலின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வேறு யாரையோ திட்டுகிறார் என்றுதான் நினைத்திருக்கவேண்டும்.

"யேசுவே... நானா அண்ணாச்சி? நான் எதுக்கு மாத்துதேன்? அந்நேரம் நான் மேலயே இருக்க மாட்டேனே. கீழல்லா நிப்பேன், டிரைவர்மாருக்குப் பேப்பர் குடுத்துக்கிட்டு."

"கீழ நிக்குத ஆளு பேரு மேல எப்படி விழும்? சிஸ்டம் பொய் சொல்லுமா? சொல்லுங்க தம்பி, சிஸ்டம் பொய் சொல்லுமா?"

எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள்.

"சிஸ்டம் பொய் சொல்லாது" என்றேன்.

ரெக்சலின் தன் கழுத்தில் மாட்டியிருந்த துறைமுகப் பாஸைக் கழற்றி அண்ணாச்சியின் மேஜையில் வைத்தார். டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, படியில் இறங்கினார். அழுதாரா என்று தெரியாது. நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் என்ன பெரிய விஷயம், வேறு வேலை கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்காது. இந்த வட்டாரத்தில் கிளியரிங் ஆபீஸ் எத்தனை இருந்தாலும் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரே டீக்கடை, ஒரே டிரைவர்கள், ஒரே கேட். 'லீவு சரியில்லை', 'வாய் ஜாஸ்தி' என்று அனுப்பினால்கூட அடுத்த ஆபீஸில் எடுத்துக்கொள்வார்கள். 'ஃபைலை மாத்திட்டா' என்று அனுப்பப்பட்ட ஆளை எவர் உள்ளே விடுவார்? பதினோரு வருட அனுபவமும் அன்றோடு அவ்வளவுதான்.

அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மனசாட்சி என்றெல்லாம் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். உறுத்தியது அந்த ஐந்து பைட்தான். ஒரு சீல் நம்பரை மாற்றினால் அளவு மாறாது; ஒரு பெட்டியை அழித்தால் குறையும். கெடுக்க நினைக்கிறவர் எதற்கு ஐந்தே ஐந்து பைட்டைக் கூட்டிவிட்டுப் போகிறார்? சாயங்காலமே திரும்பிப் போய், லிஸ்ட் தயாரானதும் அதற்கு ஒரு நகல் எடுத்துத் தனியாக வைக்கவும், காலையில் மாறினால் மாறியதையும் பிடித்து வைக்கவும் ஏற்பாடு செய்தேன். ரேகை மட்டும் போதாது, படமும் வேண்டும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. அன்றைக்கு லிஸ்ட் தயாரித்தவர் செய்யது காக்கா. டிரான்ஸ்போர்ட் பார்க்கிற காயல்பட்டினத்துக்காரர். எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன். அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அண்ணாச்சி போன்.

"பாத்தீயளா தம்பி! இன்னைக்கும் அவ பேருதான் வந்திருக்கு! வீட்டுல இருந்துக்கிட்டே மாத்துதா! புன்னைக்காயல்ல இருந்து!"

அந்த சர்வருக்கு வெளியிலிருந்து உள்ளே வர வழியே கிடையாது. இருந்த ஒரு வழியையும் அடைத்தவன் நான். அப்படியானால் அந்தப் பெயரில் யாரோ ஹாலுக்குள் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள். ரெக்சலின் ஊரில் இருக்கிறார். நேற்றும் வேறு யாரோதான் என்றால்?

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போனதும் ரெக்சலின் சீட்டில் உட்கார்ந்து, சாயங்கால நகலையும் காலை நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொன்னேன். ஒரே ஒரு வித்தியாசம். முதல் வரிக்கு மேலே புதிதாக ஒரு வரி. அந்த வரியில் ஒரே ஒரு எழுத்து.

உ.

பிள்ளையார் சுழி!

கம்ப்யூட்டர் கணக்கில் தமிழ் 'உ' மூன்று பைட். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக என்டர் தட்டினால் இரண்டு. ஆக ஐந்து. அந்தப் புரோகிராமுக்கு முதல் வரியில் கப்பல் விவரம் இருக்கவேண்டும். அங்கே பிள்ளையார் உட்கார்ந்திருந்தால் அது என்ன செய்யும் பாவம்? 'ஃபைல் தவறு' என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

செய்யது காக்கா என் பின்னால் வந்து நின்றார். ஸ்கிரீனைப் பார்த்தார்.

"இது எங்காளு வேலை இல்ல தம்பி. எங்காளா இருந்தா 786-ல்லா போட்டிருப்பான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெக்சலின் புள்ள போட்டாச் சிலுவைதான் போடும்" என்றார். அப்புறம் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு வேலை கெடக்கு" என்று சொல்லி, அவசரமாகத் தன் சீட்டுக்குப் போய்விட்டார்.

நான் ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். நோட்டீஸ் போர்டில் விடுமுறை அறிவிப்பு — தலையில் உ. பிரிண்டர் பக்கத்தில், 'பேப்பரை வீணாக்காதீர்' — தலையில் உ. பாத்ரூம் கதவில், 'குழாயை மூடவும்' — அதற்கும் உ. எல்லாம் அண்ணாச்சியின் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை அவர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த முப்பது பக்க ரிப்போர்ட்டை உருவிப் பார்த்தேன். முதல் பக்கத்தின் உச்சியில், நீல மையில், அழகான சுழி. அதை நான் கையில் வாங்கி வரிவரியாகப் படித்தவன். எனக்குத் தெரியவே இல்லை! சின்ன வயதிலிருந்து எந்தக் காகிதத்தை எடுத்தாலும் தலையில் அது இருக்கிறது. அதனால் கண் அதை எழுத்தாகவே எண்ணுவதில்லை, நேராக அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினேன்.

"என்னத்தக் காட்டுதீய? எல்லாம் சரியாத்தான இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"அது பிள்ளையார் சுழில்லா!"

"யார் போட்டது அண்ணாச்சி?"

"நாந்தான். பின்ன? மொட்டையாவா அனுப்பச் சொல்லுதீய? பேப்பர்ல போவும்போது நாந்தான போட்டு அனுப்புவேன். இப்பம் கம்ப்யூட்டர்ல போவுது, கம்ப்யூட்டர்ல போடுதேன். தெனமும் வந்து, பத்தி பொருத்திட்டு, இங்கன ஒக்காந்து போட்டுட்டுத்தான் மத்த வேலை."

"எல்லா லிஸ்ட்டுக்குமா?"

"எதுக்கு எல்லாத்துக்கும்? மொத லிஸ்ட்டுக்குப் போட்டா மத்ததுக்கெல்லாம் சேந்துரும்."

முதல் லிஸ்ட்! காய்ந்த பூக்காரரின் கம்பெனிப் பெயர் ஆங்கிலத்தில் 'ஏ'-யில் தொடங்குகிறது. அகர வரிசையில் அவர் ஃபைல்தான் தினமும் தலையில் நிற்கும். அத்தனை பார்ட்டிக்கும் சேர்த்து வைத்த ஆசீர்வாதத்தை அந்த மனிதர் ஒருவரே மூன்று வாரமாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது ரெக்சலின் லாகின் ஆச்சே. நீங்க எப்படி உள்ள போனீங்க?"

"லாகினா? இந்தா ஒட்டிருக்குல்லா" — மானிட்டரின் ஓரத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டிய துண்டுச் சீட்டைக் காட்டினார். பாஸ்வேர்டு. "இது கம்ப்யூட்டரத் தெறக்குத சாவிதான? அந்தப் பிள்ள இருக்கும்போது தெறந்தே கெடக்கும். இன்னைக்கு அவ இல்ல, நானே தெறந்தேன்."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இங்கே லாகின்கள் ஏற்படுத்திக் கொடுத்தவன் நான்தான். அண்ணாச்சிக்கும் ஒன்று வைக்கலாமா என்று ரெக்சலின் கேட்டபோது, "அவருக்கு எதுக்கு?" என்று சொன்னவனும் நானே.

அண்ணாச்சிக்கு விஷயம் புரிய நேரமானது. 'நான் மாத்தலையே, சுழிதான போட்டேன்' என்று இரண்டு தடவை சொன்னார். அவர் கணக்கில் அது மாற்றுவதே இல்லை. மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தவர், கண்ணாடி அறைக்குள் தன் மேஜை மேல் கிடந்த ரெக்சலினின் பாஸைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். குரல் முதல் தடவையாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்தது.

"தப்புப் பண்ணிட்டேனே தம்பி. அந்தப் பிள்ளைக்குப் போனப் போடுங்க."

போட்டேன். முழு விவரத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "காலைல கீழ போயிட்டு வந்து ஒக்காந்தா கீபோர்டு தெனமும் தமிழ்ல கெடக்கும் சார். என்னமோ கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "கம்ப்யூட்டர்ல உ எப்படிளா போடன்னு அண்ணாச்சி ஒருநா கேட்டாக. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். கல்யாணப் பத்திரிகைக்கோ என்னமோன்னு..." முடிக்காமல் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தார். சீட்டுக்குப் போகவில்லை, ஹால் வாசலிலேயே நின்றார். அண்ணாச்சி கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். என்னையும்தான். மேஜை மேல் பாஸ், அதன் பக்கத்தில் ஒரு கிலோ மக்ரூன் டப்பா.

"ஏளா, ஒன் மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் தெரியாமச் செஞ்சுட்டேன். மனசுல வச்சுக்கிடாத. இந்தா, பிள்ளைகளுக்குக் குடு."

ரெக்சலின் டப்பாவைத் தொடவில்லை. பாஸையும் எடுக்கவில்லை.

"என் மேல தப்பு இல்லன்னு எனக்கு மொதல்லயே தெரியும் அண்ணாச்சி. தெரியாதவுகள்லாம் வெளியல்லா இருக்காக."

அண்ணாச்சி கண்ணாடி வழியாக ஹாலைப் பார்த்தார். "அவுகளுக்கு நான் பைய்யச் சொல்லிக்கிடுதேன்ளா..."

"அன்னைக்கு நீங்க பைய்யச் சொல்லலயே. கீழ டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. பஸ்ல ஏறுதேன், எங்க ஊர்ப் பொம்பளை ஒருத்தி கேக்கா, என்னளா, ஃபைல மாத்திட்டியாமேன்னு."

குரலை உயர்த்தவில்லை. நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அந்தக் கண்ணாடி அறையில் நான் அத்தனை சின்னவனாக உணர்ந்ததில்லை.

அண்ணாச்சி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஹாலின் நடுவுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். "ரெக்சலின் மேல தப்பு இல்ல. மாத்துனது நான்" என்றார், தரையைப் பார்த்து.

"கேக்கல அண்ணாச்சி" என்றார் செய்யது காக்கா, தன் மூலையிலிருந்து.

அண்ணாச்சி நிமிர்ந்தார். மறுபடி சொன்னார், வியாழக்கிழமைக் குரலில். கீழே டிரெய்லர் பக்கத்தில் நின்ற டிரைவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் மழுப்பவில்லை. அந்த வயதில் அந்த நாற்காலியில் இருந்துகொண்டு எத்தனை பேர் இதைச் செய்வார்கள்?

ரெக்சலின் என் பக்கம் திரும்பினார். "சார்... நீங்க?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபது வருடமாக ரிப்போர்ட் எழுதுகிறவன் நான். ஹாலில் நின்று சொன்னேன்: "இவங்க பேர்ல மாறியிருந்துச்சு, அவ்வளவுதான் அதுல இருந்துச்சு. இவங்க மாத்துனாங்கன்னு சொன்னது நான். அது என் தப்பு."

அதற்கப்புறம்தான் பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். சீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார். வேறு பாஸ்வேர்டு வைத்தோம். அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு லாகின் வந்தது. மக்ரூனை மொத்த ஹாலும் தின்றது. நானும் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையார் சுழி என்ன ஆயிற்று? போடக்கூடாது என்று அண்ணாச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, சொன்னாலும் அவர் கேட்கப்போவதில்லை. அந்த ஃபோல்டரில், வரிசையில் முதலாவதாக நிற்கிற மாதிரி ஒரு வெற்று ஃபைல் உண்டாக்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் பத்தி பொருத்திவிட்டு வந்து அதில் சுழி போடுகிறார். யார்டுக்கு அது போகாது. காவல்கார சாஃப்ட்வேரிடமும், 'அந்த ஒரு ஃபைல் மாறினால் கண்டுகொள்ளாதே' என்று எழுதிவைத்துவிட்டேன். மற்ற லிஸ்ட்டெல்லாம் ஒன்பதரைக்கு ஒழுங்காகப் போகின்றன. பூக்காரர் ஆசீர்வாதம் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறார்.

இதையெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று போன வாரம் ரெக்சலினிடம் கேட்டேன். ஊர், பேரெல்லாம் மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். எழுதுகிறவர்களின் வழக்கம் அதுதானே?

"எழுதுங்க சார். மத்தவுக பேர்லாம் வேணும்னா மாத்திக்கிடுங்க. எம் பேர மட்டும் மாத்திராதீங்க. எந்தப் பேரு கெட்டுச்சோ அந்தப் பேருல்லா நல்லாவணும்" என்றார்.

மாற்றவில்லை.